எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: வீடு திரும்பியவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது ஏன்?

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் ஊர் வரதய்யபாளையம். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊரிலிருந்து தடா வழியாகச் சென்னைக்கும், ஸ்ரீகாளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்கும் செல்லலாம். எந்தப் பக்கம் சென்றாலும் பெரிய மருத்துவமனையை அடைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உள்ள தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகியுள்ளன. எனவே, முன்பு பெருநகரவாசிகளின் சிகிச்சையாக மட்டும் கருதப்பட்ட எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை இன்று இத்தகைய ஊர்களிலும் பேசப்படுகிறது.

அறுவை சிகிச்சை நடப்பது நகரத்தில். ஆனால் நோயாளி குணமடைய வேண்டியது ஊரில் உள்ள வீட்டில். இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் சிகிச்சையின் கவனிக்கப்படாத சிக்கல் ஒன்று உள்ளது. டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பிய சிலர் அடுத்த 30 நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் கணிசமானோரை முன்கூட்டியே அடையாளம் காண முடியும். பலரது மறுஅனுமதியைத் தடுக்கவும் முடியும் என்பதே கடந்த பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் உணர்த்தும் செய்தி.

பெருகும் பருமன், பெருகும் சிகிச்சை

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். ஆந்திரத்தில் இந்த விகிதம் பெண்களிடையே 36.3 சதவீதம், ஆண்களிடையே 31.1 சதவீதம். தேசிய சராசரியோ பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் 22.9 சதவீதம் மட்டுமே. அதாவது, இந்த எல்லைப் பகுதியின் இரு புறமும் நாட்டின் சராசரியைவிட வெகுவாக உயர்ந்த நிலையில் இருக்கின்றன.

2025 பிப்ரவரியில் ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி உடல் பருமனைப் பற்றிப் பேசி, சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டைப் பத்து சதவீதம் குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகிய எடைக் குறைப்பு ஊசி மருந்துகளும் இந்தியச் சந்தைக்கு வந்தன. உடல் பருமனை ஒழுக்கக் குறைபாடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்துச் சிகிச்சை பெறும் மனநிலை பரவி வருகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை உயரும்போது, சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பும் அதே வேகத்தில் வளர வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சைகளில் உலக அளவில் அதிகமாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி'. இதில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி குறுகிய குழாய் போலாகிறது. அடுத்தது 'கேஸ்ட்ரிக் பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்று உருவாக்கப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. இரண்டுமே பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகின்றன. எனவே பலர் இரண்டு மூன்று நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

யாருக்கு இந்தச் சிகிச்சை என்பதற்கும் வரையறை உண்டு. அமெரிக்க வளர்சிதைமாற்ற, பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைச் சங்கமும் அதன் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பிஎம்ஐ 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு, துணை நோய்கள் இல்லாவிட்டாலும் இதைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் போன்றவை வருவதால், அவர்களுக்கு பிஎம்ஐ 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகிறது.

கவனம் முழுவதும் அறுவை அரங்கின் மீது

2024 ஏப்ரலில் சென்னையின் புறநகரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற, புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் உயிரிழந்த சம்பவம் பெரும் அதிர்வலைகளை ஏற்படுத்தியது. தமிழக சுகாதாரத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து எழுந்த விவாதங்கள் அனைத்தும் அறுவை அரங்கில் என்ன நடந்தது, அங்கு என்ன வசதிகள் இருந்தன என்பதைச் சுற்றியே அமைந்தன. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே.

ஆயினும் புள்ளிவிவரங்கள் வேறொரு பக்கத்தையும் காட்டுகின்றன. அனுபவம் மிக்க மையங்களில் இந்த அறுவை சிகிச்சையால் ஏற்படும் மரணம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சையுடன் ஒப்பிடத்தக்க அளவு இது. சுவீடனில் பல ஆண்டுகள் நடத்தப்பட்ட புகழ்பெற்ற தொடர் ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யாத பருமனானவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை 2020-ல் வெளியிட்டது. எனவே, உரிய நோயாளிக்கு உரிய இடத்தில் செய்யப்படும்போது இது நன்மை தரும் சிகிச்சை என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை.

அதே சமயம், மறுஅனுமதி என்பது மரணத்தைவிடப் பல மடங்கு அதிகமாக நிகழ்கிறது. அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்ற மையங்களின் தரவுகளின்படி, நூறு பேரில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேர் 30 நாள்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படுகிறார்கள். ஸ்லீவ் செய்துகொண்டவர்களைவிட பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இந்த விகிதம் அதிகம்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்ப் பிரச்சினை

மறுஅனுமதிக்கான காரணங்களைப் பட்டியலிட்டால், முதலிடத்தில் இருப்பது தையல் கசிவோ ரத்தப்போக்கோ அல்ல. குமட்டல், வாந்தி, நீரிழப்பு, உடலில் உப்புச் சத்துகளின் ஏற்றத்தாழ்வு ஆகியவையே. மறுஅனுமதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகையைச் சேர்ந்தவை. வயிற்றுவலி அடுத்து வருகிறது. அனைவரும் அஞ்சும் தையல் கசிவு, ரத்தப்போக்கு, குடல் அடைப்பு, கால் நரம்பில் ரத்தம் உறைதல், காயத்தில் தொற்று ஆகியவை தனித்தனியே அதைவிடக் குறைந்த அளவிலேயே நிகழ்கின்றன.

காரணம் எளிது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீங்கியிருக்கும் சிறிய இரைப்பையில் ஒரே மூச்சில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க முடியாது. வாய் வாயாகப் பருகி, நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை லிட்டர் திரவத்தை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு ஏறத்தாழ முழு நேர வேலை போன்ற கவனம் தேவை. அவசரமாகக் குடித்தால் வாந்தி, வாந்தி எடுத்தால் குடிக்கவே பயம், குடிக்காவிட்டால் நீரிழப்பு, நீரிழப்பால் குமட்டல் மேலும் கூடும். இரண்டு நாள் இந்தச் சுழலில் சிக்கினால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

ஏப்ரல், மே மாத வெயிலில் வரதய்யபாளையம் போன்ற ஊரில் வீடு திரும்பும் நோயாளிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். விடுப்பு முடிந்துவிட்டதென இரண்டாவது வாரத்திலேயே தொழிற்சாலை ஷிப்டுக்குத் திரும்புபவருக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் பருகும் வாய்ப்பு இருக்குமா என்பதும் மருத்துவக் கேள்விதான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

எடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆபத்து என்பது பொதுவான நம்பிக்கை. மிக அதிக பிஎம்ஐ ஓரளவு ஆபத்தைக் கூட்டுவது உண்மையே. ஆனால் அதைவிட வலுவாக மறுஅனுமதியை முன்னறிவிக்கும் காரணிகள் பல உள்ளன.

முதலாவது, அறுவை சிகிச்சையின்போதோ முதல் அனுமதியின்போதோ ஏற்பட்ட சிக்கல். டிஸ்சார்ஜுக்கு முன்பே ரத்தப்போக்கு, தொற்று போன்ற ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் திரும்பி வரும் வாய்ப்பு கணிசமாக அதிகம். அறுவை சிகிச்சை வழக்கத்தைவிட நீண்ட நேரம் நடந்திருந்தாலோ, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நாள்கள் தங்க நேர்ந்திருந்தாலோ அதுவும் எச்சரிக்கைக் குறியே.

இரண்டாவது, முன்பே உள்ள நோய்கள். இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய், இதய நோய், நாள்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் நோய், முன்பு கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு ஆகியவை இப்பட்டியலில் முன்னணியில் உள்ளன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளையோ ஸ்டீராய்டு மாத்திரைகளையோ நீண்ட காலமாக உட்கொள்பவர்களும் இதில் அடங்குவர்.

மூன்றாவது, அறுவை சிகிச்சையின் வகை. பைபாஸில் இணைப்புத் தையல்கள் அதிகம் என்பதால் ஆபத்தும் சற்று அதிகம். ஏற்கெனவே செய்த எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பலனளிக்காமல் இரண்டாம் முறை செய்யப்படும் திருத்த அறுவை சிகிச்சைகளில் அது மேலும் கூடுகிறது.

நான்காவது, நோயாளியின் வாழ்க்கைச் சூழல். புகைப்பழக்கம், சிகிச்சை பெறாத மன அழுத்தம், நாள்பட்ட வலிக்கு ஏற்கெனவே வலிநிவாரணிகளைச் சார்ந்திருத்தல், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாமை ஆகியவை மருத்துவ அறிக்கையில் இடம்பெறாமல் போகலாம். ஆனால் முதல் மாதத்தைத் தீர்மானிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

மருத்துவமனையிலிருந்து உள்ள தூரம் மறுஅனுமதியை அதிகரிக்கிறதா என்பதில் வெளிநாட்டு ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் தூரத்தில் வசிப்பவர்கள் சிக்கல் வரும்போது அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்குச் செல்லாமல், அருகில் உள்ள வேறொரு மருத்துவமனைக்குச் செல்கிறார்கள் என்பது தெளிவு. எல்லை ஊர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளூர் கிளினிக்கில் நிகழக்கூடிய தவறுகள்

சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், மூன்றாவது வாரத்தில் தொடர் வாந்தியுடன் தவிக்கிறார் என வைத்துக்கொண்டால், அவரது குடும்பம் முதலில் அழைத்துச் செல்வது பெரும்பாலும் அருகில் உள்ள கிளினிக்குக்கோ, ஆந்திரக் கிராமங்களில் 'ஆர்எம்பி' என்று அழைக்கப்படுபவரிடமோதான். அங்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு வாந்தி ஊசி, ஒரு வலி ஊசி. மற்றவர்களுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத இந்த மூன்றில் இரண்டு, இந்த நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம்.

குளுக்கோஸைப் பொறுத்தவரை, மனித உடலில் தையமின் எனப்படும் வைட்டமின் பி1 சில வாரங்களுக்கு மட்டுமே சேமிப்பில் இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுத்து, சரியாகச் சாப்பிடாத நிலையில் அது தீர்ந்துவிடுகிறது. அப்போது தையமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் சொற்பத் தையமினும் செலவாகி, 'வெர்னிக்கே' எனப்படும் மூளைப் பாதிப்பு ஏற்படலாம் அல்லது தீவிரமடையலாம். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உரிய நேரத்தில் தையமின் ஊசி போட்டால் தடுக்கக்கூடிய இந்தப் பாதிப்பு, தாமதமானால் நினைவாற்றலை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால், முதலில் தையமின், பிறகே குளுக்கோஸ் என்பது மருத்துவ விதி.

வலி ஊசியிலும் கவனம் தேவை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகள், குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இரைப்பையும் சிறுகுடலும் இணையும் இடத்தில் புண்ணை ஏற்படுத்தும். அது ரத்தப்போக்கிலோ குடல் துளையிலோ முடியலாம். நீரிழப்பு உள்ள நிலையில் இதே மருந்துகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முழங்கால் வலிக்குப் பழகிப்போய் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தவறு மாத்திரை டப்பாவில் உள்ளது. அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களிலேயே பலருக்கு சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் வேகமாகக் குறையத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டாலோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளைத் தொடர்ந்தாலோ தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். சிறுநீரைப் பெருக்கும் ரத்த அழுத்த மாத்திரை நீரிழப்பை மோசமாக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை உரிய நேரத்தில் நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு இயல்பாகக் காட்டினாலும் ரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயம் உண்டு. இவற்றை அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் அறிவுறுத்தியது. எந்த மாத்திரை தொடர வேண்டும், எது நிறுத்தப்பட வேண்டும் என்ற தெளிவான பட்டியல் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கு இந்த ஆபத்துகள் அனைத்தும் ஒன்றாகச் சேரும்.

எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பதால், மயக்க மருந்து நிபுணர் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். அவற்றின் பக்கவிளைவும் குமட்டல், வாந்தியே என்பதால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவரைக் கேட்காமல் மீண்டும் தொடங்கக் கூடாது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நீரிழப்பு அதிகம் நிகழ்கிறது என்பதற்காக அரிதான சிக்கல்களை அலட்சியப்படுத்த முடியாது. தையல் கசிவு பலருக்கு வீடு திரும்பிய பிறகே வெளிப்படுகிறது. ரத்தம் உறைதலும் பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகே நிகழ்கிறது. பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

• ஓய்வில் இருக்கும்போதும் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் நீடித்தல். 120-ஐத் தொட்டால் அவசர நிலை.
• காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் புதிதாகத் தோன்றும் வலி.
• மூச்சுத்திணறல், மார்புவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி.
• ஒரு நாள் முழுவதும் குடித்த எதுவும் தங்காமல் போதல், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் மிகக் குறைவாகப் போதல், எழுந்து நின்றால் தலைசுற்றல்.
• ரத்த வாந்தி, கருமையான மலம்.
• பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், பேச்சிலோ நடத்தையிலோ குழப்பம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது இறுக்கமோ கடும் வலியோ தெரியாமல் போகலாம். அதனால்தான் நாடித் துடிப்பு முக்கியம் என நிபுணர்கள் வலியுறுத்துகிறார்கள். கைக்கடிகாரமோ ஆக்சிமீட்டரோ இருந்தால் வீட்டிலேயே இதைக் கணக்கிடலாம்.

தடுக்க முடியுமா?

முடியும் என்று காட்டிய முயற்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 2015-ல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பங்கேற்ற அந்தத் திட்டத்தில் புதிய கருவியோ விலை உயர்ந்த மருந்தோ அறிமுகப்படுத்தப்படவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் காணொளி மூலம் விளக்கம், உணவு நிபுணருடன் சந்திப்பு, வீடு திரும்பிய ஓரிரு நாளில் செவிலியரின் தொலைபேசி அழைப்பு, நீரிழப்பு ஏற்பட்டால் மீண்டும் அனுமதிக்காமல் வெளிநோயாளியாகவே சலைன் ஏற்றி அனுப்பும் வசதி ஆகியவையே அதன் கூறுகள். ஸ்லீவ் நோயாளிகளிடம் மறுஅனுமதி குறைந்தது. பைபாஸ் நோயாளிகளிடம் அதே அளவு மாற்றம் ஏற்படவில்லை. அதாவது, தொலைபேசி அழைப்பும் தண்ணீரும் தடுக்கக்கூடியவற்றைத் தடுக்கும். தொழில்நுட்பச் சிக்கல்களுக்கு அனுபவமிக்க அறுவை சிகிச்சை நிபுணரே தேவை.

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மையங்கள் ஒவ்வொரு நோயாளியின் 30 நாள் விவரத்தையும் தேசியப் பதிவேட்டில் சேர்த்தாக வேண்டும். எனவேதான் எங்கே, ஏன் நோயாளிகள் திரும்பி வருகிறார்கள் என்பது அங்கு எண்களாகத் தெரிகிறது. இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஒரு மருத்துவமனை எத்தனை அறுவை சிகிச்சைகள் செய்தது என்பது விளம்பரப் பலகையில் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் வேறெங்கோ அனுமதிக்கப்பட்டார்கள் என்பது அந்த மருத்துவமனைக்கே தெரியாமல் போகலாம். வேறு மாநிலத்தில் அனுமதிக்கப்பட்டவர் என்றால் இந்த வாய்ப்பு இன்னும் குறைவு.

எல்லை தாண்டிய சிகிச்சை

வரதய்யபாளையத்தில் வசிப்பவர் சென்னையில் சிகிச்சை பெறுவது புதிதல்ல. மொழி, உறவு, வேலை, சந்தை எல்லாமே இந்த எல்லையைத் தினமும் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சுகாதார நிர்வாகம் மாநில அளவில் பிரிந்திருக்கிறது. 108 என்ற ஆம்புலன்ஸ் எண் இரு மாநிலங்களுக்கும் பொது என்றாலும் சேவையை நடத்துவது அந்தந்த மாநிலம். அரசு காப்பீட்டுத் திட்டங்களும் தனித்தனி. தமிழில் எழுதிய டிஸ்சார்ஜ் குறிப்பை தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த செவிலியர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டியதே.

தனியார் காப்பீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டியவை உள்ளன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விதிகளின்படி, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கான செலவை ஏற்கச் சில நிபந்தனைகள் உண்டு: மருத்துவரின் ஆலோசனை, 18 வயது நிறைவு, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், அல்லது பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து, பிற முறைகள் பலனளிக்காத நிலையில் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவை இருத்தல். மருத்துவ வழிகாட்டுதல்கள் தாழ்ந்துவிட்ட பிஎம்ஐ வரம்பைக் காப்பீட்டு விதி இன்னும் எட்டவில்லை. இதனால் சொந்தப் பணத்தில் 'பேக்கேஜ்' கட்டணம் செலுத்துவோர் பலர். அந்தக் கட்டணத்தில் 30 நாள்களுக்குள் ஏற்படும் மறுஅனுமதி அடங்குமா என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறாவிட்டால், சேமிப்பைச் செலவழித்து முடித்த குடும்பம் இரண்டாவது பில்லுக்குப் பயந்தே மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடும். தாமதமே சிறிய சிக்கலைப் பெரிதாக்கும் என்பதால், இது பணப் பிரச்சினை மட்டுமல்ல.

கேட்க வேண்டிய கேள்விகள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடும் குடும்பம் மருத்துவமனையிடம் வழக்கமாகக் கேட்பது இரண்டு: எவ்வளவு செலவாகும், எத்தனை கிலோ குறையும். இவற்றுடன் வேறு சில கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். இங்கு செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் 30 நாளில் திரும்பி வருகிறார்கள்? நள்ளிரவில் அழைத்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? சலைன் மட்டும் ஏற்ற வேண்டுமானால் அனுமதி இல்லாமல் செய்ய முடியுமா? எங்கள் ஊருக்கு அருகில் அவசரத்துக்குச் செல்லக்கூடிய மருத்துவமனை எது, அங்குள்ள மருத்துவருக்குத் தகவல் தருவீர்களா?

தொலைவில் வசிப்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் உடனே ஊர் திரும்பாமல், முதல் வாரத்தையேனும் மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் கழிப்பது பயன் தரும். ஊர் திரும்பும் பயணத்தில் அவ்வப்போது வண்டியை நிறுத்தி நடப்பது ரத்தம் உறைவதைத் தவிர்க்க உதவும். எந்த வகை அறுவை சிகிச்சை, எந்தத் தேதி, எந்த மருந்துகள் கூடாது, வாந்தி என்றால் முதலில் தையமின், அழைக்க வேண்டிய எண் ஆகியவை தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட ஒரு சிறு அட்டை, நோயாளியின் பணப்பையில் எப்போதும் இருக்க வேண்டும். அதை அச்சிட ஒரு மருத்துவமனைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.

கவனிப்பு ஒரு மாதத்தோடு முடிவதும் இல்லை. வேகமாக எடை குறையும் முதல் ஆறு மாதங்களில் பித்தப்பைக் கல் உருவாகலாம். இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். பெண்கள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், திடீர்க் கடும் வயிற்றுவலியை வாயுத் தொல்லை என்று ஒதுக்கக் கூடாது.

அரசுகள் செய்யக்கூடியதும் உண்டு. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் தங்கள் மறுஅனுமதி விகிதத்தைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் எனக் கட்டாயமாக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தையமின், வலிநிவாரணி, நாடித் துடிப்பு ஆகிய மூன்று செய்திகளை மட்டுமே கொண்ட ஒரு மணி நேரப் பயிற்சி அளித்தாலே பல பாதிப்புகளைத் தவிர்க்கலாம். தமிழக, ஆந்திர எல்லை மாவட்டங்கள் இதில் இணைந்து செயல்பட்டால் பலன் இன்னும் கூடும்.

அதுவரை, தடா சாலையில் சென்னை நோக்கிச் சிகிச்சைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும், திரும்பி வரும் வழிக்கும் அதன் பிறகான முப்பது நாள்களுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது.